இரண்டு வரம்புகள்

அப்புத்தளைக்கு மேலே, மேற்கணக்கு.
ஐப்பசி மழை கொஞ்சம் விட்டிருந்தது.
நாலு லயம், நாற்பத்தெட்டு காம்பிரா.
சுவருக்கு மூன்றாக ஐந்நூற்று எழுபத்தாறு படம்
போனில் எடுத்துவந்தேன்,
எந்தச் சுவர் வெடிக்கிறதென்று
கணினி சொல்லவேண்டும்.

முதலில் நிறத்தைக் கழற்றினேன்.
நீலச் சுண்ணாம்பு, பச்சைப் பெயின்ட்,
போன தேர்தலின் சுவரொட்டி
எல்லாம் சாம்பல்.
அப்புறம் சற்று மங்கலாக்கினேன்.
கண்ணாடியைத் துடைத்துப் பார்ப்பது ஊர் வழக்கம்.
நாங்கள் மூச்சை ஊதிவிட்டுப் பார்க்கிறவர்கள்,
பொருட்டில்லாத புள்ளிகள் கரையட்டும் என்று.

மிஞ்சிய ஒவ்வொரு புள்ளியிடமும்
ஒரே கேள்வி:
உனக்கும் பக்கத்துப் புள்ளிக்கும் எவ்வளவு தூரம்,
வெளிச்சத்தில்?
எங்கே சட்டென்று விழுகிறதோ
அங்கே ஓர் ஓரம்.
அந்த ஓரத்தை ஒரு புள்ளித் தடிப்புக்கு மெலியவைத்தேன்.
திரையில் வீடு போய்விட்டது.
கோடுகள் மட்டும் குடியிருந்தன.

வெடிப்பென்று நிரல் முதலில் பிடித்துத் தந்தவை:
கொடிக்கயிறு,
எறும்புச் சாரி,
மாதா படத்துக்குப் பின்னால் ஓடும் வயர்,
கரிக்கட்டியால் யாரோ ஒரு பிள்ளை கிழித்த ரயில்பாதை
(தண்டவாளம் இரண்டும் ஒழுங்காக, சிலிப்பர் கட்டைகூட உண்டு),
ஈரச்சுவரில் ஒட்டிய ஒற்றைத் தலைமுடி.

கயிறு தன் பாரத்துக்குத் தொய்யும்,
அதில் ஓர் ஒழுங்கிருக்கும்.
வெடிப்பு அப்படியில்லை,
சுவர் எங்கே தளர்ந்ததோ அங்கே திரும்பும்.
திருப்பங்களை எண்ணினேன். கிளைகளை எண்ணினேன்.
கயிறுகள் ஒவ்வொன்றாக அவிழ்ந்தன.

பிறகு இரண்டு வரம்பு.
மேல்வரம்பைத் தாண்டினால் கோடு.
கீழ்வரம்புக்குக் கீழென்றால் ஒன்றுமில்லை.
நடுவில் நிற்பவற்றுக்கு ஒரு சலுகை:
வலுத்த கோடொன்றைத் தொட்டுக்கொண்டிருந்தால்
பிழைக்கலாம்.
தனியே கிடந்தால் அழி.
எழுத ஆறு வரி போதும்.
எழுதும்போது எனக்கு ஒன்றும் தோன்றவில்லை.

நாலாம் லயம், ஏழாம் காம்பிரா.
மூலையில் ஒரு மயிரிழை, எதையும் தொடாமல்.
நிரல் அதை அழித்தது. பச்சை காட்டியது.
ஜெசிந்தாவிடம் திரையை நீட்டினேன்.
பெக்டரியில் இரவு வேலை முடித்து
படுத்தவளை எழுப்பியிருந்தேன்.
அவள் பார்க்கவில்லை.
"படம் புடிச்சாச்சின்னா
போறப்ப கதவ சாத்திட்டுப் போங்க.
சாத்த முடிஞ்சா."

முடியவில்லை.
தோளால் தள்ளியும் முடியவில்லை.
கதவு விளிம்பில் புது மரம் வெளுத்துத் தெரிந்தது.
"மூணு தடவ சீவியாச்சி.
வெள்ளி, செவ்வா, நேத்து."
இஸ்தோப்பில் சுருள் சுருளாகச் சீவல்.

என் படத்திலும் அந்தக் கதவு இருக்கிறது.
நாலு நேர்கோடு, நாலு மூலை, குற்றமில்லை.
வெள்ளிக்கும் செவ்வாய்க்கும் இடையில் நடந்தது
எந்தப் புள்ளியின்
பக்கத்துப் புள்ளியிலும் இல்லை.

அன்றிரவு கீழ்வரம்பை இறக்கினேன்.
நாற்பத்தெட்டில் நாற்பத்தொன்று சிவப்பு.
கொடிக்கயிறுகளெல்லாம் திரும்பி வந்துவிட்டன.
விஜேகோன் மாத்தியா போனில் சிரித்தார்:
ஸ்கூலில் இருப்பது ஒரு மண்டபம்,
உங்கள் மெஷினுக்குக் கொஞ்சம் புத்தி சொல்லுங்கள்.

காலையில் அட்டவணையில் ஒன்று சேர்த்தேன்,
என் நிரலுக்கு ஒரு புது நிரல்:
கதவு மூடுகிறதா?
கேமராவை வைத்துவிட்டு ஏறினேன்.
நாற்பத்தெட்டுக் கதவு. திறந்து, சாத்தி, திறந்து.
திருடன் ஒத்திகை பார்க்கிறான் என்றார் ஒருவர்.

பதினொன்று சாத்தவில்லை.
ஒவ்வொருவரும் தன் கதவை மட்டும் திட்டினார்கள்.
மழைக்கு மரம் ஊதும், அவ்வளவுதான்.
பீடிக்கட்டின் தாளில்
பதினொரு புள்ளி வைத்தேன்.
முதல் லயத்தின் கோடியில் தொடங்கி
மலையைக் குறுக்கே அறுத்துக்கொண்டு
ஏழாம் காம்பிராவில் வந்து நின்றன.
இணைக்க எந்த நிரலும் தேவைப்படவில்லை.

மழை மறுபடி பிடித்தது.
ஜெசிந்தா பாயைச் சுருட்டிக்கொண்டிருந்தாள்.
விஜேகோனுக்கு எடுத்தேன்.
லைன் இல்லை.